தராசைக் கேட்டால் தெரியாது
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருப்பவர்களில் பலருக்கு 'மூணு மாசச் சர்க்கரை' டெஸ்ட் தெரிந்திருக்கும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. இப்படிப் புரதத்தில் ஏதேனும் வந்து ஒட்டினால் எடை கூடும். பாஸ்பேட் ஒட்டினால் சுமார் 80 டால்டன், அசிட்டைல் ஒட்டினால் 42. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை போடும். மேக்ஸ்குவான்ட் போன்ற இலவச மென்பொருள், ஒட்டியது எதுவென்று கணக்குப் பார்த்துச் சொல்லும்.

ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகள் எனக்கு ஃபோன் செய்வார்கள். "சார், சாஃப்ட்வேர்ல எந்த செட்டிங் போடறதுங்க?" என்பார்கள். "செட்டிங் இருக்கட்டும் கண்ணு, டியூப்ல என்ன மருந்து போட்டீங்க, எத்தனை நேரம் வெச்சீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. யுபிக்விட்டின் ஒட்டிய புரதத்தை ட்ரிப்சினால் வெட்டினால், லைசின்மேல் இரண்டு கிளைசின் மிச்சமிருக்கும். எடை 114.043 கூடும். சிஸ்டீன்கள் மறுபடி ஒன்றோடொன்று சேராமலிருக்க நாம் போடும் அயோடோஅசிட்டமைடு, சில சமயம் லைசினிலும் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். அதுவும் அதே 114.043! அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றேதான். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிலைய ஆய்வாளர்கள் 2008-ல் இதை எடுத்துக்காட்டி, குளோரோஅசிட்டமைடு போட்டால் இந்தக் குழப்பம் வராது என்றும் சொன்னார்கள்.

காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. கொப்பரை மூட்டை எடை கூடினால் அது பருப்பா, ஈரமா என்று தராசுக்குத் தெரியாது. காய வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், நம் பிள்ளை போட்ட மருந்தையே நோயின் அடையாளம் என்று தீசிஸில் எழுதிவிடும். மூன்று வருஷ உழைப்பு வீணாகும்.

ஆகவே தம்பி தங்கைகளே, உதவி கேட்கும்போது இவற்றைச் சொல்லிக் கேளுங்கள்: எந்த மாதிரி, எந்த மருந்து, எத்தனை நேரம், எந்தக் கருவி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தெந்த மாற்றங்களைத் தேடச் சொன்னீர்கள், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன. இங்கிலீஷ் சரியாக வராதே என்று கூச்சப்பட வேண்டாம். விவரம் முழுசாக இருந்தால் போதும், வெளிநாட்டுக்காரரும் பதில் சொல்வார்.

அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வகங்களில் இருப்பவர்கள், எந்தத் துறையில் உதவ முடியும் என்று சங்கத்தில் பெயர் கொடுங்கள். ஒரு பிள்ளை கூப்பிட்டால் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேளுங்கள். பட்டம் வாங்குகிற வரைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை அது மறக்காதுங்க.