மார்பு ஆபரேஷன்: வெட்கப்படாமல் பேசுவோம்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. கறவை மாட்டுக் கடன், தையல் மிஷின் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கீங்க. மார்பு ஆபரேஷன் பற்றிப் பேச யாரும் வரமாட்டாங்க. அதனால நான் வந்திருக்கேன்.

எனக்கு வயசு 36. இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குப் பால் மறக்கடித்த பிறகு மார்பு கனத்துத் தொங்கிப் போச்சு. பாடிப் பட்டி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம். எந்நேரமும் கழுத்து வலி. சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிவிடும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை வீட்டில் வாங்கி மடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. தைலம் தேய்த்தே ஆறு வருசம் ஓடிச்சு.

ஊரில் ஒரு மருத்துவ முகாமில் சொன்ன பிறகுதான் இதற்கு வைத்தியம் இருக்குன்னே தெரியும். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில், கூடுதல் சதையையும் தோலையும் எடுத்து, காம்பை மேலே ஏற்றி வைத்துத் தைப்பாங்க. கனம் அதிகமில்லாமல் தொங்கல் மட்டும் இருந்தால் தோலை மட்டும் எடுத்துத் தூக்கி வைப்பாங்க.

குழுவில் போக்குவரத்துச் செலவுக்கு 20,000 ரூபாய் கடன் கேட்டேன். "இது அழகுக்குச் செய்யிறது, இதுக்கெல்லாமா கடன்?" என்று ஒருத்தர் கேட்டாங்க. கேட்டது தப்பில்லை. 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பு ஆபரேஷனை இலவசமாகச் செய்யத் தொடங்கினப்போ, பெரிய பெரிய ஆட்களே இதே கேள்வியைக் கேட்டாங்க. நான் பதில் பேசவில்லை. தோளில் இருந்த பள்ளத்தைக் காட்டினேன். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதி, 12 பேரும் கையெழுத்துப் போட்டாங்க. கேள்வி கேட்டவங்கதான் முதல் கையெழுத்து.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்றேன். ரத்தம், சர்க்கரை, பிரஷர், இ.சி.ஜி. எல்லாம் பார்ப்பாங்க. மார்பில் கட்டி இருக்கான்னு ஸ்கேன் எடுப்பாங்க, 40 வயசு தாண்டினவங்களுக்கு மேமோகிராம். சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் சொல்லணும், நாட்டு மருந்து உட்பட. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும், நாமாக நிறுத்தக் கூடாது. வெற்றிலையோட புகையிலை போடுறவங்க சில வாரம் முன்னாடியே விட்டுடணும். புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், தையல் ஆறாது. இன்னும் பிள்ளை பெத்துக்க நினைக்கிறவங்க பொறுத்துச் செய்யலாம். ஏன்னா பால் குறையலாம், மறுபடி தொங்கவும் செய்யலாம்.

வீட்டையும் தயார் பண்ணணும். உப்பு, பருப்பு, பாத்திரம் எல்லாத்தையும் பரணில் இருந்து இறக்கி இடுப்பு உயரத்தில் வைத்தேன். தளவாய்புரம் நைட்டியில் முன்பக்கம் திறக்கிற மாதிரி மூணு வாங்கினேன். தலை வழியாப் போடுற துணி அப்போ ஆகாது.

ஆபரேஷன் மதுரையில். அன்னைக்குக் காலையில் நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டாங்க. முழு மயக்கம். கண் விழிச்சப்போ இரண்டு பக்கமும் ரத்தநீர் வடிய டியூப் இருந்தது. சில நாளில் எடுத்துட்டாங்க. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க, அந்த ரிசல்ட்டைக் கேட்டு வாங்கணும். காம்பைச் சுற்றி, அதுக்குக் கீழே நேராக, மடிப்போடு குறுக்கே என்று நங்கூரம் மாதிரி தழும்பு இருக்கும். ஒரு வருசத்தில் மங்கும், முழுசா மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்ப வராமலும் போகலாம். இதெல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்.

வரும்போது திருமங்கலம், கல்லுப்பட்டி வழியா பஸ். நெஞ்சில் ஒரு சின்னத் தலையணையை அணைத்து உட்கார்ந்தேன், குலுக்கல் தெரியலை.

அடுத்த ஆறு வாரம்தான் கஷ்டம். மல்லாந்துதான் படுக்கணும், தலையணை உயர்த்தி. கம்பி இல்லாத, முன்பக்கக் கொக்கி வச்ச பாடியை ராத்திரி பகல் போடணும். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. குடம் தண்ணி 15 கிலோ. நம்ம வீட்டில் யார் தூக்குவா? என் குழுவில் முறை போட்டுத் தூக்கினாங்க. என் வீட்டுக்காரர் முதல் வாரம் கூச்சப்பட்டார், இரண்டாவது வாரம் அவரே குழாயடிக்குப் போனார். அத்தைதான் எனக்குத் தலை வாரி விட்டாங்க. ஆனா படுத்தே கிடக்கக் கூடாது. மெதுவா நடக்கணும், இல்லேன்னா காலில் ரத்தம் கட்டும்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், சீழ், காம்பு கறுத்துப் போறது, கெண்டைக்கால் வீக்கம், மூச்சு வாங்குறது, இதில் எது வந்தாலும் விடியட்டும்னு இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் தையல் மேல் பூசக் கூடாது.

இன்னைக்கு எட்டு மாசம் ஆச்சு. கழுத்து வலி இல்லை. கடனில் பாதி கட்டிட்டேன். பள்ளம் இன்னும் லேசாத் தெரியுது, ஆனா வலிக்கலை.

எல்லாரும் ஆபரேஷன் பண்ணுங்கன்னு சொல்ல வரலை. பலருக்குச் சரியான அளவுப் பாடியும் உடற்பயிற்சியுமே போதும். ஆனா மார்பில் வலி, புண், கட்டி எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. கட்டி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்தில் வரவு செலவு முடிஞ்சதும் பத்து நிமிசம் உடம்பைப் பற்றிப் பேசணும். இதை இந்தக் கூட்டமைப்பு தீர்மானமாவே போடணும்னு கேட்டுக்கறேன்.