கோட்டோரம் நிற்பவரின் கடமை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஃபுட்சால் பயிற்றுநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். “விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்காதீர்கள். பிள்ளை வளர்ப்பும் இதில் அடக்கம்.

1930இல் உருகுவே நாட்டின் மொண்டிவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ. சங்க ஆசிரியர் சேரியானி இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அணிக்கு ஐந்து பேர். பந்து அதிகம் துள்ளாது. கோட்டுக்கு வெளியே போன பந்தை நான்கு வினாடிக்குள் உதைத்து உள்ளே விட வேண்டும். தவறினால் எதிரணிக்குப் போய்விடும்.

அந்த நான்கு வினாடி எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தது. நான் கோட்டோரம் நின்று ஓயாமல் கத்துகிறவன். ஓர் ஆட்டத்தில் என் பையன் பந்தை வைத்துவிட்டு, என் உத்தரவுக்காக என் முகத்தையே பார்த்தான். நேரம் போயிற்று, பந்தும் போயிற்று, தோற்றோம். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். மறுவாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா மெதுவாகச் சொன்னார்: “சார், அவன் உங்களைத்தானே பார்த்துக்கிட்டு நின்னான்?” எனக்குச் சுருக்கென்றது. பெரட்டில் கங்காணி போட்ட அதட்டலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதையே திடலுக்கும் கொண்டு வந்துவிட்டேன்!

சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கனடா சென்ற அறிஞர் செல்லதுரை, 1980இல் சாலே என்பவருடன் சேர்ந்து, பயிற்றுநரின் தலைமையை ஐந்து வகையாகப் பிரித்து அளந்தார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தல், வீரர்களைக் கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், அவர்கள் நலனில் அக்கறை காட்டுதல், நன்றாகச் செய்தால் பாராட்டுதல். சூழ்நிலைக்கும் வீரருக்கும் ஏற்றபடி இவை கலந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. காயம்பட்ட பையனை “வெளியே வா” என்றால் வரத்தான் வேண்டும். அங்கே ஓட்டெடுப்பு இல்லை. ஆனால் நான்கு வினாடியில் பந்தை யாரிடம் கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்யப் பழக வேண்டும்.

நம் கே. ராஜகோபாலை நினைத்துப் பாருங்கள். 2010 டிசம்பரில் ஆசியான் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா இந்தோனேசியாவிடம் 1–5 என்று தோற்றது. அதே இளம் வீரர்களைக் கொண்டே இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியாவை மொத்தம் 4–2 என்று வென்று, நாட்டுக்கு முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். ஒரு தோல்விக்காக வீரனைக் கைவிட்டால் இது நடக்குமா?

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்தான். ஃபுட்சாலில் ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு ஒரு நிமிட இடைவேளை உண்டு. முன்பு அதில் நான்தான் பேசுவேன். இப்போது முதலில் “என்னப்பா பார்த்தே?” என்று அவர்களைக் கேட்கிறேன்.

பெற்றோர்களே! 1977இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு பாசிர் கூடாங்கின் முகம் மாறியது. பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகள் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போகிறார்கள். நாளை அங்கே உத்தரவுக்காக முகம் பார்த்து நிற்பவனாக உங்கள் பிள்ளை இருக்க வேண்டுமா? ஷிப்டு முடிந்து களைத்து வந்தாலும், “எத்தனை கோல்?” என்பதற்கு முன் “எப்படி ஆடினே?” என்று கேளுங்கள்.

பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்து. பெறாதவர்களே, அடுத்த வாரம் தவறாமல் திடலுக்கு வாருங்கள்.