கிணத்தடியில் வந்த சண்டை

காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமம் 1915-ல் அகமதாபாத் பக்கம் கோச்ரப்பில், வாடகை வீட்டில்தான் தொடங்கியது. சில மாதத்தில் தூதாபாய், மனைவி தானிபென், குழந்தை லட்சுமி என்று ஒரு தலித் குடும்பம் வந்து சேர்ந்தது.

கிணத்தடியில் திட்டு விழுந்தது. நன்கொடையும் நின்னுபோச்சு. அதைவிட, ஆசிரமத்துக்குள்ளேயே கஸ்தூரிபா உட்படப் பெண்களுக்கு தானிபென்னை ஏத்துக்க மனசு வரலை. இதைக் காந்தியே மறைக்காம எழுதியிருக்கார். நம்ம குழுக் கூட்டத்திலும் சிலர் தனிப்பாய் விரிச்சு உக்கார்றதைப் பார்த்துத்தான் சொல்றேன்.

அடுத்த மாசச் செலவுக்குக் காசில்லை. “சேரிக்கே குடிபோவோம்” என்று முடிவு செய்தார் காந்தி. குடும்பத்தை அனுப்பலை. அப்புறம் ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்தார்.

1917-ல் ஆசிரமம் சபர்மதிக் கரைக்கு மாறியது. லட்சுமியைக் காந்தி தன் மகளாகவே வளர்த்தார்.