எண்பது வயதில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை: செய்யலாமா?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கூடை சுமந்து கொழுந்து பறித்த தலைமுறை இன்று எண்பதைத் தொட்டிருக்கிறது. "இந்த வயசுல வயித்தக் கிழிக்கணுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆபத்து உண்டு. தையல் ஆறுவதைவிட, பின்னால் வரும் நிமோனியா, காலில் இரத்தம் உறைதல், இதயக் கோளாறு, மனக்குழப்பம் ஆகியவையே டாக்டர்களை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. படுத்தே கிடந்தால் கால் தசை மெலிந்துவிடும். உயிர் பிழைத்தும் சிலரால் தாமாக எழுந்து நடமாட முடிவதில்லை.

ஆனாலும் அடையாளக் கார்டில் உள்ள வயது மட்டுமே இதை முடிவு செய்வதில்லை. போப்பாண்டவர் பிரான்சிஸுக்கு 2021 ஜூலையில், 84 வயதில், பெருங்குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. 2023 ஜூனில், 86 வயதில், குடலிறக்கத்திற்காக மீண்டும் வயிற்றில் அறுவைச் சிகிச்சை. இரண்டு முறையும் ஏறக்குறைய பத்தே நாளில் வீடு திரும்பி, பணியைத் தொடர்ந்தார். இரண்டுமே நிலைமை முற்றுவதற்கு முன் செய்யப்பட்டவை. அதே நோய்க்கு நள்ளிரவில் அவசரமாகச் செய்யும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான். தொடை இடுக்கில் சிறு வீக்கம் இருக்கும். கூச்சத்தால் பாட்டி சொல்லமாட்டார். ஒருநாள் குடல் அதில் சிக்கி, இரத்த ஓட்டம் நின்று, அழுகத் தொடங்கும். முதியவர்களுக்குக் காய்ச்சலோ கடும் வலியோ இல்லாமலும் இது நடக்கலாம். வீட்டிலோ ஓமத் தண்ணீர் கொடுத்து, எண்ணெய் தடவி, விடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பொதுவாக ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு மலையிறங்க வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மழைக்கால மண்சரிவும் வார இறுதி நெரிசலும் வேறு. வீட்டில் ஓர் இரவு காத்திருந்தால், பாதைக்கான நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் போகாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உள்ளே போகாத, வலிக்கின்ற வீக்கம் இருந்தாலும் அப்படியே. சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக இரத்தத்தை இளக்கும் மாத்திரையை, டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சைக்குப் பின் கண்ணாடி, காது கருவி, பழகிய முகம் ஆகியவை அருகில் இருந்தால் மனக்குழப்பம் குறையும். டாக்டர் அனுமதித்ததும் எழுப்பி நடக்க வையுங்கள்.

மிகவும் தளர்ந்துபோனவருக்குக் கத்தி வைக்காமல் வலியைத் தணிப்பதே மேல் என்று டாக்டர் சொல்லலாம். அது கைவிடுவதாகாது. "அறுத்தால் பழையபடி நடப்பாரா? அறுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அதற்கு முன், தெளிவாகப் பேசும் நாளிலேயே, தாத்தாவிடமும் பாட்டியிடமும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு வையுங்கள். உடம்பு அவர்களுடையது.