சென்னையின் வானொலிச் சங்கம்



பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழருடைய இல்லங்களில் வானொலிப் பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. மொழிபெயர்ப்பாளனாகத் தில்லிக்கு வந்த புதிதில், ஒரு குளிர்கால இரவில், வானொலிப் பெட்டியின் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு நடுவே தமிழ்ச் சொற்கள் சில காதில் விழுந்தன. சொல்லப்பட்டது வானிலை அறிக்கைதான். ஆயினும் ஊரே வந்து வாசலில் நின்றது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. சென்னையில் ஒலிபரப்பை முதலில் தொடங்கியவர் யாவர் என்று அறியும் ஆவல் அன்று பிறந்தது. தேடிப் படித்தபோது வியப்படைந்தேன். அப்பணியைத் தொடங்கியது அரசாங்கமும் இல்லை, பெருங்கம்பெனியும் இல்லை; ஆர்வலர் சிலர் கூடி அமைத்த ஒரு சிறு சங்கம்!

கம்பியில்லாத் தந்தி அதற்கு முன்பே கப்பல்களுக்குத் துணையாக இருந்து வந்தது. ஆனால், பேச்சையும் பாட்டையும் ஊர் முழுவதும் கேட்கும்படி பரப்பலாம் என்பது அக்காலத்தில் புதுமை. 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் இம்முயற்சியில் இறங்கின. மறு ஆண்டு, 1924 மே 16-ஆம் நாள், எஞ்சினீயர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது.

அவர்கள் கையிலிருந்த ஒலிபரப்புக் கருவியின் திறன் 40 வாட்டு. நம் வீட்டுக் கூடத்தில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஒன்றுக்கே அதைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டது! பின்னர் அத்திறன் 200 வாட்டாக உயர்த்தப்பட்டது. கேட்போர் பலரிடம் அக்காலத்தில் இருந்தது ‘கிரிஸ்டல் செட்’ என்னும் எளிய கருவி. அதற்கு மின்கலமும் வேண்டாம், மின்சார இணைப்பும் வேண்டாம். ஒரு சிறு படிகக் கல்லை மெல்லிய கம்பியின் முனை தொட்டு நிற்கும். அருகிலிருந்து வரும் அலையின் ஆற்றலே அதை இயக்கும். காதில் பொருத்திய குழலில் பாட்டும் பேச்சும் மெலிதாக ஒலிக்கும்.

இத்துணை ஆர்வத்துடன் தொடங்கிய சங்கம் மூன்றாண்டுகளுக்குச் சற்று மேலாக மட்டுமே நிலைத்தது. பண முடையால் 1927 அக்டோபரில் அதன் ஒலிபரப்பு நின்றது. இதற்குக் காரணம் தொழில்திறனில் குறைவன்று. அலையின் இயல்பே காரணம் எனலாம். குழாய்த் தண்ணீரை அளந்து விற்கலாம். மின்சாரத்துக்கு மீட்டர் வைக்கலாம். காற்றில் பரவும் ஒலிக்கு வேலி ஏது? கருவி உடையவன் எவனும் கேட்கலாம். கேட்டவன் யார் என்பதை அனுப்பியவன் அறிய வழியில்லை. சந்தா செலுத்துவோர் சிலர். பயன் துய்ப்போர் பலர். மூலதனத்தோடு 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியே 1930-இல் கலைக்கப்பட்டது என்றால், சிறு சங்கம் என்ன செய்யும்?

ஆயினும், கதவை மூடுமுன் அச்சங்கத்தார் ஓர் அரிய காரியம் செய்தனர். தங்கள் ஒலிபரப்புக் கருவியைச் சென்னைக் கார்ப்பொரேஷனிடம் ஒப்படைத்தனர். 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் கார்ப்பொரேஷன் தன் பொறுப்பில் ஒலிபரப்பை நடத்தலாயிற்று. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கார்ப்பொரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கென நிகழ்ச்சிகள் அமைந்தன. உறுப்பினர் சிலருக்குக் கிட்டிய இன்பம், கருவி வாங்க வசதியற்ற வண்டிக்காரருக்கும் கூலியாளுக்கும் மாலை வேளையில் இலவசமாகக் கிட்டியது. வேலியிட முடியாத பொருளை ஊர்ப் பொதுவாக்குவதே தக்கது என்பதை நகரசபை செயலில் காட்டிற்று. ஆல் இந்தியா ரேடியோ 1938 ஜூன் 16-ஆம் நாள் சென்னையில் நிலையம் திறக்கும்வரை அப்பணி நடந்து வந்தது.

சிறு கருவியின் காலம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2004 பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி ஒன்று தொடங்கியது. இத்தகைய நிலையங்களுக்கு நம் நாட்டில் பொதுவாக அனுமதிக்கப்படும் அலைவீச்சுத் திறன் 100 வாட்டுதான். சுற்றுப்புறத்து மக்கள் தம் குரலைத் தாமே கேட்க அது போதுமானதாக இருக்கிறது.

நேயர்களே! வெளியூர்களில் வாழும் நாமும் சங்கங்கள் அமைக்கிறோம். வாடகை அறையில் நூலகம் வைக்கிறோம். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். சில ஆண்டுகளில் பணமும் ஆளும் குறைந்து, அறையைப் பூட்ட நேர்ந்தால், எல்லாம் வீணாயிற்று என்று மனம் நோகிறோம். நான் பங்குகொண்ட சிறு நூலகம் ஒன்றும் அவ்வாறே மூடப்பட்டது. அதன் புத்தகங்கள் மூட்டைகளாக எடைக்குப் போயின. அவற்றை ஒரு பள்ளியிடம் சேர்த்திருக்கலாமே என்ற எண்ணம் எங்களுக்கு அன்று தோன்றவில்லை. அக்குறை இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

சென்னை எஞ்சினீயரும் அவர் தோழர்களும் நமக்குக் காட்டிய வழி இதுவே: தொடங்குவதற்குத் துணிவு வேண்டும், தொடர முடியாதபோது, தொடரக்கூடியவர் கையில் கொடுத்துச் செல்லும் பெருந்தன்மையும் வேண்டும்.