கைக்கு வேலை கடைசியில்



அந்தமானுக்கு டென்னிஸ் புதிதல்ல. ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நம்முடைய பழைய போர்ட் பிளேயரில் படகேறினால் சில நிமிடங்களில் ராஸ் தீவு வந்துவிடும். ஆங்கிலேய அதிகாரிகளின் டென்னிஸ் கோர்ட் இருந்த இடத்தை அங்கே இன்றும் காட்டுவார்கள். 1858-இல் கைதிகளை விட்டுக் காடு வெட்டித் திருத்திய தீவு அது. தேவாலயம், ரொட்டிக் கூடம், நீச்சல் குளம், டென்னிஸ் என்று துரைமார் வாழ்க்கை நடந்தது. 1941 நிலநடுக்கமும் மறு ஆண்டு வந்திறங்கிய ஜப்பானியப் படையும் அதை முடித்து வைத்தன. 2018 முதல் அந்தத் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர். அன்று துரைமாருக்கு மட்டுமே வாய்த்த ஆட்டத்தை இன்று ஒரு ராக்கெட்டும் ஒரு சுவரும் கிடைத்தால் யாரும் பழகலாம். அப்படிப் பழகுகிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பிறகு அடிக்கிற அடிக்கு கிரவுண்ட் ஸ்ட்ரோக் என்று பெயர். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டும் இதில் அடக்கம். புதிதாகப் பழகுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். தோளை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கை பலத்தையெல்லாம் திரட்டி வீசுவார். பந்து வலையில் போய் விழும், இல்லாவிட்டால் வேலியைத் தாண்டும். கோர்ட் ஓரத்திலிருந்து ஒரு குரல் வரும்: “உடம்பு எடையைப் பந்து மேல போடுப்பா!” அவரும் அடுத்த பந்துக்கு உடம்போடு முன்னால் பாய்வார். அடி இன்னும் மோசமாகும்.

சொன்னதில் தப்பில்லை, புரிந்துகொண்டதில்தான் தப்பு. பந்தும் ராக்கெட்டின் நரம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 5 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் இருநூற்றில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் யாராலும் உடம்பைக் கொண்டுபோய்ப் பந்தில் சாய்க்க முடியாது. பந்துக்குப் போய்ச் சேருவது, தொடும் கணத்தில் ராக்கெட்டுக்கு இருக்கிற வேகம் மட்டுமே. நாம் எடையை மாற்றுவது அந்த வேகத்தை முன்கூட்டியே உண்டாக்கத்தான்.

ஸ்ரீ விஜயபுரத்தின் ஜங்லிகாட் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிபவரைப் பார்த்திருப்பீர்கள். காலை அகட்டி ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் திருகி, அதை அவிழ்க்கிற வேகத்தில் வலையை விடுவார். கை அந்த வேகத்துக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். கையால் மட்டும் எறிந்தால் வலை வட்டமாக விரியாமல் மூட்டையாக விழும். டென்னிஸிலும் வரிசை இதேதான்: கால், இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் ராக்கெட். ஒவ்வொன்றும் முன்னே போய்ச் சற்று நிதானிக்க, அந்த வேகம் அடுத்ததற்கு ஏறுகிறது. நடுவில் ஒன்று முந்திக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டப் போய்த்தான் முழங்கை வலி வருகிறது.

வலக்கைக்காரரின் ஃபோர்ஹேண்டை எடுத்துக்கொள்வோம். எதிராளி பந்தை அடிக்கும்போது ஒரு சிறு துள்ளல் துள்ளி, இரண்டு காலிலும் சமமாக இறங்குங்கள். பந்து வலப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததுமே தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். ராக்கெட்டை மட்டும் பின்னால் இழுத்தால் போதாது. இப்போது எடை வலக்காலில் ஏறியிருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும். அந்தக் காலால் தரையை உதையுங்கள். இடுப்பு வலையை நோக்கித் திரும்பும், கை பின்னாலேயே வரும். பந்தைச் சந்திக்கும் இடம் உடம்புக்கு ஒரு முழம் முன்னால் இருக்கட்டும். பந்து உடம்புக்கு நேராக வரும்வரை காத்திருந்தால் எடை குதிகாலுக்குப் போய்விடும், பந்தை வெறும் கைதான் தள்ளும்.

அந்தக் காலத்தில் இடக்காலைப் பந்தின் பக்கம் எடுத்து வைத்து, பக்கவாட்டில் நின்று அடிக்கச் சொல்வார்கள். மர ராக்கெட் கிட்டத்தட்ட 400 கிராம் வரை கனக்கும், அதற்கு அந்த முறை பொருந்தியது. இன்றைய ராக்கெட் 300 கிராம் அளவில்தான் இருக்கிறது, ஆட்டமும் வேகம் கூடிவிட்டது. ஆகவே பலரும் வலையைப் பார்த்தபடி வலக்காலை ஊன்றியே அடிக்கிறார்கள். அப்போது எடை முன்னோக்கிப் போவதைவிட மேலேறிச் சுழல்வதே அதிகம். இரண்டு கையால் பிடிக்கும் பேக்ஹேண்டில் இன்றும் முன்காலில் எடை இறங்குவது நல்லது. ஒற்றைக் கை பேக்ஹேண்டில் தோள் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது, பக்கவாட்டிலேயே நிற்க வேண்டும்.

வலுவான உடம்பு இருந்தால்தான் டென்னிஸ் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையின் கிருஷ்ணன் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தந்தை டி.கே. ராமநாதன். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற கிருஷ்ணன், 1960, 1961 இரண்டு ஆண்டும் அங்கே அரையிறுதி ஆடினார். 1961 காலிறுதியில் அவரிடம் தோற்றவர் ராய் எமர்சன். மகன் ரமேஷும் 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அன்றைய உலக முதல் நிலை வீரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை இரண்டாம் சுற்றிலேயே நேர் செட்களில் அனுப்பி வைத்தார். அப்பா, மகன் இருவருமே முரட்டு அடிக்குப் பேர் போனவர்கள் அல்லர். சரியான இடத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, எதிராளியின் வேகத்தையே வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள். கால் நேரத்துக்குப் போய்விட்டால் கை பதற வேண்டிய அவசியமே இல்லை.

நம் தீவுகளில் ஆண்டில் பாதிக்கு மேல் மழை. ஈரம் குடித்த பந்து கனக்கும், எழும்புவதும் குறையும். அப்போது ராக்கெட்டைத் தாழ்த்தினால் போதாது, முழங்காலை மடக்கி உடம்பையே தாழ்த்த வேண்டும். தரை நனைந்திருந்தால் ஆட வேண்டாம், உதைக்கிற கால் வழுக்கும். அந்த நாட்களில் வீட்டுத் திண்ணையிலேயே பழகலாம். பழைய கூடைப்பந்து ஒன்றை இரண்டு கையிலும் இடுப்பளவில் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, சுவரில் எறியுங்கள். கை மட்டும் எறிந்தால் பந்து சுவரடியில் விழும், இடுப்பு திரும்பினால்தான் தெறித்து வரும்.

அடுத்த முறை கோர்ட்டுக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் பாதி வேகத்தில் அடியுங்கள். ஒவ்வொரு ஃபோர்ஹேண்ட் முடிந்ததும் அப்படியே நின்று இரண்டு விஷயத்தைப் பாருங்கள். தொப்புள் வலையைப் பார்க்கிறதா? பின்காலின் குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேகத்தைக் கூட்டலாம். இல்லையென்றால் கையைத் திட்டாமல் காலைத் திருத்துங்கள்.