படம் ஒன்று, பெயர் பல
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வரலாற்றுத் துறை பீரோவில் உள்ள ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து, மற்றக் கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று சங்கம் யோசிக்கிறது. நல்ல காரியம். இந்த வழியில் முன்னே போனவர்கள் கற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1995 முதல் 1997 வரை அருங்காட்சியகங்கள் முதலான ஏழு சேகரிப்பு நிறுவனங்களும் ஏழு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதைச் செய்து பார்த்தன. அருங்காட்சியகங்கள் படங்களையும், வகுப்பில் காட்ட அனுமதியையும் கொடுத்தன. ஆனால் அதே படங்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகக் கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தது. ஒரே அரிசிக்கு ஏழு உலை! விவரம் எழுதியதிலும் ஆளுக்கொரு மாதிரி.

பிறகு மெலன் அறக்கட்டளை 'ஆர்ட்ஸ்டோர்' என்ற பொதுத் தொகுப்பை உருவாக்கியது. 2004-ல் சுமார் 3 லட்சம் படங்களோடு கல்லூரிகளுக்குத் திறந்தார்கள். அதே ஆண்டுதான் கோடாக் கம்பெனி ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்தியது. 2024-ல் ஆர்ட்ஸ்டோரின் தனி இணையதளம் மூடப்பட்டு, படங்கள் ஜேஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தன. படத்தோடு விவரமும் சேர்ந்து போனதால்தான் புது இடத்திலும் தேடி எடுக்க முடிகிறது.

நம் ஊர் விஷயத்தையே பாருங்களேன். கடற்கரைக் கோயில் படத்தில் ஒருவர் மாமல்லபுரம் என்று எழுதுவார், இன்னொருவர் மகாபலிபுரம் என்பார். பழைய வெள்ளைக்காரர் புத்தகத்தில் 'செவன் பகோடாஸ்'. ஒரு பெயரில் தேடுகிற பிள்ளைக்கு மற்ற இரண்டும் கிடைக்காது. இதற்கு வழி இருக்கிறது. ஒரு பெயரை முதற்பெயராக வைத்து, மற்றவற்றை அதோடு இணைத்துவிட வேண்டும். கெட்டி நிறுவனத்தின் இடப்பெயர்த் தொகுதி அப்படித்தான் செய்கிறது.

ஆகவே, ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால், சேரும் கல்லூரிகள் எல்லாம் உட்கார்ந்து ஒரே படிவத்தை முடிவு செய்யட்டும். என்ன, எங்கே, எப்போது, எடுத்தவர் யார், யாருடைய அனுமதி. ஐந்து கேள்வி போதும்.

ஸ்கேன் பண்ண எந்தப் பையனும் ஒரு நாளில் கற்றுக்கொள்வான். ஆனால் நம் ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் 'தெற்குச் சுவர்' என்று மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது. எந்தக் கோயில் என்று சொல்லக்கூடியவர்கள், அந்தப் படங்களை எடுத்த இரண்டு சார்கள்தான். இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். மாணவர்களே, வரும் சனிக்கிழமையே நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஸ்கேனர் அடுத்த வருஷம்கூட வரலாம்.